விடியற்காலையில் மட்டும் கரண்ட் போவது ஏன்?

பள்ளிக்கரணைப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "மூன்று வாரமாக விடிகாலை ஐந்து, ஐந்தரை மணிக்குக் கரண்ட் போகிறது. ஐந்து பத்து நிமிடத்தில் தானாக வந்துவிடுகிறது. சில நாள் ராத்திரி பத்து மணிக்கும் இப்படி ஆகிறது. லைன்மேனைக் கேட்டால், 'பறவை எச்சம் சார், இன்சுலேட்டர்ல விழுது' என்கிறார். இது உண்மையா, சமாளிப்பா? உண்மை என்றால் முள் மாதிரி எதையாவது வைத்துத் தடுக்க முடியாதா?"

லைன்மேன் சொன்னது உண்மையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் முப்பது வருடம் லைன் பராமரிப்பில் இருந்தவன் நான். நீங்கள் குறித்து வைத்திருக்கும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் 'பறவையால் ஃபால்ட்' என்று பொதுவாகச் சொல்வது, டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று சொல்வது போலத்தான். பறவையால் வரும் கோளாறில் நாலைந்து வகை உண்டு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. எந்த வகை என்று பார்க்காமல் முள் வாங்கி மாட்டினால் காசும் போகும், கரண்டும் போகும்.

முதலில் இன்சுலேட்டரின் வேலை என்ன என்று பார்ப்போம். கம்பியில் ஓடுவது உயர் அழுத்த மின்சாரம். கம்பியைத் தாங்கும் இரும்புச் சட்டமும் டவரும் பூமியோடு இணைக்கப்பட்டவை. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் நிற்பதுதான் அந்தப் பீங்கான். தெருவில் போகும் 11 கிலோவோல்ட் லைனில் ஒரு கம்பிக்கும் பூமிக்கும் இடையே சுமார் 6,350 வோல்ட் இருக்கும். 110 கிலோவோல்ட் டவர் லைனில் அதுவே 63,500 வோல்ட். கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்காய்க்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில், ஒரே அழுத்தத்தில் இருப்பதுதான். கம்பிக்கும் சட்டத்துக்கும், அல்லது கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் எது பாலம் போட்டாலும், அது இறக்கையோ, கூட்டின் குச்சியோ, எச்சமோ, மின்சாரம் அந்த வழியாகப் பாய்ந்துவிடும். சப்ஸ்டேஷனில் ரிலே அதை உணர்ந்து பிரேக்கரைத் திறந்துவிடும். நீங்கள் இருட்டில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

உங்கள் பகுதிக்கு வருகிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பூநாரை என்று பெரிய பறவைகள் வந்து போகும் இடம். பக்கத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு, அதற்கு வரும் பருந்துகள். சதுப்பைச் சுற்றி உயரமான மரம் குறைவு. டவர்தான் உயரமாக இருக்கிறது. ராத்திரி தங்கப் பறவை எங்கே போகும்? டவரின் கைமேல்தான், அதாவது பக்கவாட்டில் நீளும் இரும்புச் சட்டத்தின்மேல்தான். அந்தக் கைகளின் நுனியில்தான் இன்சுலேட்டர் சரம் தொங்குகிறது.

முதல் வகை, எச்சக்கயிறு. நாரை, பருந்து போன்ற பெரிய பறவை எச்சமிடும்போது அது சொட்டுச் சொட்டாக விழுவதில்லை. வாலைத் தூக்கி ஒரே பாய்ச்சலாக விடும். காற்றில் அறுபடாமல் ஒரு மீட்டர் நீளத்துக்குக்கூட அது கயிறு மாதிரி இறங்கும். மீன், நத்தை தின்னும் பறவைக்கு எச்சம் தண்ணியாகவும் உப்பு மிகுந்தும் இருக்கும். அதனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். 110 கிலோவோல்ட் லைனில் ஒவ்வொன்றும் 145 மில்லிமீட்டர் உயரமுள்ள ஏழெட்டுத் தட்டு தொங்கும். மொத்தம் ஒரு மீட்டர் சொச்சம். அந்த இடைவெளியில் முக்கால்வாசியை ஒரு எச்சக்கயிறு அடைத்துவிட்டால், மீதியிருக்கும் காற்று அந்த அழுத்தத்தைத் தாங்காது. பளிச்சென்று ஒரு வில், அதாவது காற்றில் தாவும் மின்பொறி, பாய்ந்து, கண நேரத்தில் பிரேக்கர் திறந்துவிடும். எச்சம் அந்த வெப்பத்திலேயே ஆவியாகிச் சிதறிவிடும். சில நிமிடம் கழித்து சப்ஸ்டேஷனில் இருப்பவர் மறுபடி சார்ஜ் பண்ணுவார், அதாவது லைனில் மின்சாரம் விடுவார். லைன் இந்தமுறை தாங்கிவிடும். 'ட்ரான்சியன்ட் ஃபால்ட்' (தற்காலிகக் கோளாறு) என்று பதிவேட்டில் எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்தில் உங்களுக்குக் கரண்ட் 'தானாக' வருவதன் கதை இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: எச்சம் இன்சுலேட்டர்மேல் விழவே வேண்டாம். அதன் பக்கத்தில், காற்றில் இறங்கினாலே போதும். அதனால்தான் மறுநாள் லைன் பேட்ரோல் போகும் ஆட்களுக்கு எதுவும் கண்ணில் படுவதில்லை. பீங்கான் உடைந்திருக்காது, கம்பி அறுந்திருக்காது, செத்த பறவையும் கிடக்காது. 1920களில் கலிபோர்னியாவில் 220 கிலோவோல்ட் லைன்கள் காரணமே தெரியாமல் ட்ரிப் ஆகி, பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பறவை எச்சம் என்று கண்டுபிடித்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது. இன்னும் நம் ஆட்களில் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள்.

நேரத்துக்கு வருவோம். இந்த வகை ஃபால்ட் உலகெங்கும் இரண்டு வேளையில் குவியும். இரை தின்று வந்து அடைந்த பிறகு, முன்னிரவு ஒன்பது மணியிலிருந்து நள்ளிரவு வரை ஒன்று. விடியும் முன், பறந்து கிளம்பும் நேரம் இன்னொன்று. நீங்கள் சொன்ன ராத்திரி பத்து, காலை ஐந்தரை இரண்டும் இதில் கச்சிதமாக உட்காருகின்றன.

நானே நேரில் கண்டதைச் சொல்கிறேன். தென்சென்னைக்கு வெளியே ஓர் ஏரிக்கரையை ஒட்டிப் போகும் 110 கிலோவோல்ட் லைன். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை விடிகாலையில் ட்ரிப். பேட்ரோல் போனால் எல்லாம் சரியாக இருக்கும். மேலே இருந்தவர்கள் இன்சுலேட்டர் அழுக்கு என்று முடிவு செய்தார்கள். லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கிக் கழுவினோம். நிற்கவில்லை. சரத்தையே மாற்றினோம். புதுப் பீங்கான் மாட்டி நாலாவது நாள் மறுபடி ட்ரிப். பிறகு ஒரு நாள், என்னோடு நீண்ட காலம் வேலை பார்த்த லைன்மேன் அண்ணன், "ஐயா, பகல்ல வந்து பாத்து என்ன ஐயா கிடைக்கும்? அது ட்ரிப் ஆகுற நேரத்துக்கு வந்து நில்லுங்க" என்றார். மறுநாள் நாலரை மணிக்கே பைனாகுலரோடு இரண்டு பேரும் கரையில் போய் நின்றோம்.

முதலில் டவர் கறுப்பாகத்தான் தெரிந்தது. கிழக்கு வெளுக்க வெளுக்க, கைகளின்மேல் வரிசையாக நத்தைகுத்தி நாரைகள். ஒவ்வொரு கையிலும் ஏழு, எட்டு. சரத்துக்கு நேர் மேலே, கை நுனியில்தான் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. கிளம்புவதற்கு முன் ஒரு பறவை முன்பக்கம் குனிந்தது, வாலைத் தூக்கியது. சரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. அன்றைக்கு ஃபால்ட் ஆகவில்லை. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. அப்புறம் லைன் கிளியர் வாங்கி, எர்த் போட்டு (கம்பியைப் பூமியோடு இணைத்து), ஏறிப் பார்த்தோம். கை நுனியின் கால்வனைஸ் பூச்சில் மிளகு அளவில் மூன்று நான்கு உருகிய புள்ளிகள், பளபளவென்று. கீழே கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப்பிலும் அதே மாதிரிப் புள்ளிகள். நடுவில் பீங்கான் சுத்தமாக இருந்தது! வில் இன்சுலேட்டரைத் தொடாமல் காற்று வழியாகவே பாய்ந்திருக்கிறது. அதைக் கழுவி என்ன, மாற்றி என்ன?

நாங்கள் செய்தது சின்ன வேலைதான். கை நுனியில், சரத்துக்கு மேலேயும் இருபுறமும், சீப்புப் பல் மாதிரி நிற்கும் கம்பி முள் வரிசை அமைத்தோம். டவரின் நடு உடம்பையும் உச்சியையும் தொடவில்லை. இரண்டு மூன்று நாளில் நாரைகள் உள்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தன. அங்கிருந்து எச்சமிட்டால் அது டவர் இரும்புக்குள்ளேயே விழும், கம்பி பக்கம் போகாது. அந்தப் பருவம் முழுக்க அந்த டவரில் விடிகாலை ட்ரிப் வரவில்லை.

முள் வைப்பதில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பறவையை விரட்டுவது நோக்கமாக இருக்கக் கூடாது. இரண்டு மீட்டர் நகர்த்தினால் போதும். டவர் முழுக்க முள் வைத்தால் பறவை பக்கத்து டவருக்குப் போகும், ஃபால்ட்டும் கூடவே போகும். அது உட்கார நல்ல இடம் ஒன்றை விட்டுவைத்து, ஆபத்தான இடத்தை மட்டும் அடைக்க வேண்டும். அடைக்கிற அகலத்திலும் கஞ்சத்தனம் கூடாது. காற்றடித்தால் எச்சம் சாய்ந்துதான் விழும், சரத்துக்கு நேர் மேலே ஒரு முழம் மட்டும் அடைத்துப் பிரயோசனமில்லை. முள்ளுக்கு முள் இடைவெளியும் முக்கியம். பருந்து உட்கார முடியாத இடைவெளியில் காக்காய் சுகமாக உட்காரும், கூடும் கட்டும். முள்ளையே கூட்டுக்கு அஸ்திவாரமாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும், பறவைகளை விரட்டக் கட்டிடங்களில் பதித்த முள் பட்டைகளையே பிடுங்கிக் கட்டியிருந்த மாக்பை (காக்கை இனப் பறவை), காக்காய்க் கூடுகளை ஆராய்ச்சியாளர்கள் 2023இல் விவரித்திருக்கிறார்கள்.

சரத்தின் உச்சியில் வழக்கத்தைவிட அகலமான ஒரு தட்டைக் குடை மாதிரி மாட்டுவதும் உண்டு. எச்சம் தட்டுகள்மேல் வழிந்து படிவதை அது தடுக்கும். பக்கத்தில் காற்றில் இறங்கும் கயிற்றை அவ்வளவாகத் தடுக்காது. இரண்டும் சேர்ந்தால் நல்லது, ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு முள்ளுக்கு. தென்னாப்பிரிக்காவில் மின் நிறுவனமும் ஒரு வனவிலங்கு அறக்கட்டளையும் 1996 முதல் கைகோத்து இந்த வேலையைச் செய்துவருகின்றன. பறவை தெரிந்தவரும் லைன் தெரிந்தவரும் ஒரே ஜீப்பில் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நம் ஊரில் பறவை பார்ப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்த டவரில் எது அடைகிறது என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வகை, எச்சம் படிந்து சேருவது. இதற்கும் விடிகாலைதான் நேரம் என்பதால் முதல் வகையோடு குழப்பிக்கொள்வார்கள். காய்ந்த எச்சம் பெரிதாகக் கடத்தாது. பனி இறங்கி அதை நனைத்தால்தான் வினை. நனைந்த படலம் வழியாக மெல்ல மின்சாரம் கசியும். கசியும் இடத்தில் சூடேறி ஒரு பட்டை காயும், அந்தக் காய்ந்த பட்டையைத் தாண்டிக் குட்டி வில் பாயும். 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம், இருட்டில் ஊதா வெளிச்சம். நிறையச் சேர்ந்தால் ஒருமுறை முழு நீளத்துக்கும் பாய்ந்துவிடும். சென்னையில் இதற்குக் கடலும் துணை. மதியத்துக்கு மேல் வீசும் கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து பூசும். எண்ணூர் பக்கம் போனால் உப்போடு சாம்பலும் நிலக்கரித் தூசும். ஐப்பசி கார்த்திகை அடைமழை இதையெல்லாம் நன்றாகக் கழுவிவிடும். ஆனால் மழை விட்டு மாதக்கணக்கில் வெயில் காய்ந்த பிறகு வருகிற முதல் தூறல் இருக்கிறதே, அதுதான் பயங்கரம். கொட்டுகிற மழையைவிடத் தூறல்தான் இன்சுலேட்டருக்கு எதிரி. அழுக்கை நனைக்கும், ஆனால் கழுவாது.

இதற்கு முள் மட்டும் போதாது. கசியும் பாதையை நீளமாக்க வேண்டும். பீங்கானின் மேல் மடிப்பு மடிப்பாக இருப்பதே அதற்காகத்தான். மேற்பரப்பில் எறும்பு ஊர்ந்து போனால் எவ்வளவு தூரம் நடக்குமோ, அதைத்தான் கிரீப்பேஜ் என்கிறோம். மிகக் கடுமையான மாசு உள்ள இடத்துக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் என்பது சர்வதேச அளவில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. 11 கிலோவோல்ட் லைனுக்கு உச்ச அழுத்தம் 12 என்று எடுத்தால் 372 மில்லிமீட்டர் வருகிறது. கடலோரத்தில் பழைய குட்டைப் 'பின்' இன்சுலேட்டர் (கம்பத்துச் சட்டத்தின்மேல் நிமிர்ந்து நிற்கும் வகை) இருந்தால், பறவையைத் திட்டுவதற்கு முன்னால் அதைத்தான் மாற்ற வேண்டும். சிலிக்கான் ரப்பர் போர்த்திய பாலிமர் இன்சுலேட்டர் இங்கே நன்றாக உழைக்கும். தாமரை இலை மாதிரி தண்ணீரை முத்து முத்தாக நிறுத்தும், படலமாகப் பரவ விடாது. அந்தக் குணம் மேலே படியும் மெல்லிய அழுக்குக்குள்ளும் ஊடுருவும் என்பது அதன் தனிச்சிறப்பு. ஆனால் எச்சம் கனமாக அப்பிவிட்டால் அதுவும் திணறும். இன்னொரு எச்சரிக்கை: ஆஸ்திரேலியாவில் கக்கட்டூ என்ற கிளி இனப் பறவைகள் சிலிக்கான் தட்டுகளைக் கொறித்தே நாசம் செய்திருக்கின்றன. குறிப்பாக லைன் கட்டி முடித்து, இன்னும் சார்ஜ் பண்ணாமல் வைத்திருக்கும் காலத்தில். ரப்பரைக் கொறித்து உள்ளேயிருக்கும் கண்ணாடி இழைத் தண்டு வெளியே தெரிந்துவிட்டால் அந்த இன்சுலேட்டர் அவ்வளவுதான். புது லைனைச் சும்மா தொங்கவிட்டு வைத்திருப்பவர்கள் சார்ஜ் பண்ணும் முன் ஒருமுறை பைனாகுலரில் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, காக்காய்க் கூடு. இது டவர் லைனைவிட நம் தெருக் கம்பத்தின் பிரச்சினை. சித்திரை வைகாசியில் குயில் கூவ ஆரம்பித்தால் லைன் ஆட்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். குயில் கூவுகிறது என்றால் காக்காய் கூடு கட்டுகிறது என்று அர்த்தம். ஊர்ப்பக்கம் காக்காய் சுள்ளியில் கட்டும். சென்னையில் எங்கே பார்த்தாலும் கட்டிட வேலை, தரையெல்லாம் கட்டுக்கம்பித் துண்டு. அதற்கு அதுதான் சுள்ளி. இரட்டைக் கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், ஏ.பி. ஸ்விட்ச் (கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கும் இடத்தில் நாலு பக்கமும் பிடிமானம் கிடைப்பதால் அங்கே கட்டும். ஒரு கம்பி சரிந்து ஜம்பரை (லைனை இணைக்கும் குட்டைக் கம்பியை) தொட்டால் போதும், டமார்.

அப்படி ஒரு கூட்டை ஒருமுறை கீழே இறக்கிப் பார்த்தோம். வெளிவட்டம் முழுக்கக் கட்டுக்கம்பி, ஒவ்வொன்றும் முழ நீளம், வளைத்து வளைத்துப் பின்னியிருந்தது. நடுவில் ஒரு துணிக்கொடிக் கம்பித் துண்டு, ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் கால், செம்புச் சுருள் கொஞ்சம். உள்ளே மட்டும் தேங்காய் நாரும் தலைமுடியும் மெத்தை மாதிரி. அதில் நாலு முட்டை, வெளிர் நீலப் பச்சையில் பழுப்புப் புள்ளி. ஒன்று மட்டும் சற்றுச் சின்னது, சாம்பல் நிறம் தட்டியது. குயிலுடையது. லைன்மேன் அண்ணன் அதை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், பத்தடி தள்ளியிருந்த வேப்பமரக் கவையில் வைத்துக் கட்டினார். தாய்க் காக்காய்கள் தலையில் கொத்திக்கொண்டே இருந்தன. ஹெல்மெட் போட்டிருந்ததால் தப்பித்தார். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது ஒரு காக்காய் அந்தக் கூட்டில் உட்கார்ந்திருந்தது. எல்லாக் கூட்டுக்கும் இப்படி அமையாது. ஆனாலும் முட்டையோடு கூட்டைப் பிய்த்துக் கீழே எறிவதைவிட ஆயிரம் மடங்கு மேல். பிய்த்து எறிந்தால் மறுவாரமே அதே இடத்தில் மறுபடி கட்டும் என்பது வேறு விஷயம்.

கூட்டுக்கான தீர்வு காலத்தில்தான் இருக்கிறது. மாசி பங்குனியில், கட்ட ஆரம்பிக்கும்போதே ஒரு சுற்றுப் பார்த்து, நாலு குச்சி வைத்த நிலையிலேயே எடுத்துவிட வேண்டும். அதோடு டிரான்ஸ்ஃபார்மர் புஷ்ஷிங்குக்கு (கம்பி உள்ளே நுழையும் பீங்கான் முனைக்கு) மூடி, ஜம்பருக்கு இன்சுலேஷன் உறை. இது இரண்டும் இருந்தால் கம்பி சரிந்தாலும் உடனே ஃபால்ட் ஆகாது. மரத்தை வெட்டுவது தீர்வே ஆகாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்துப் போட்டது நினைவிருக்கும். அதற்கு அடுத்த கோடையில் எங்கள் பிரிவில் கம்பத்துக் கூடுகள் கூடியதை நான் கண்ணால் பார்த்தேன். கம்பியில் உரசாத தூரத்தில் இருக்கும் மரம், லைனுக்குப் பாதுகாப்புத்தான்.

நாலாவது, பறவையே பாலமாகிவிடுவது. மனசுக்கு மிகவும் கஷ்டமான வகை இது. 110 கிலோவோல்ட்டில் இது அரிது, ஏனென்றால் இடைவெளி அகலம். 11 கிலோவோல்ட்டில்தான் அதிகம். காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. டவர் லைனில் கம்பி கைக்குக் கீழே தொங்குகிறது, பறவை மேலே உட்காருகிறது. தெருக் கம்பத்தில் பின் இன்சுலேட்டர் சட்டத்தின்மேல் நிற்கிறது. பறவை உட்காருவதோ பூமியோடு இணைந்த இரும்புச் சட்டத்தில். மின்சாரம் ஓடும் கம்பி அதன் தோள் உயரத்தில், ஒரு சாண் தள்ளி. காக்காயின் உடம்பே 40 சென்டிமீட்டர். பருந்து இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை வரும். இறக்கையை உதறினால் முடிந்தது கதை. அப்புறம் தெருக் காக்காய் எல்லாம் கூடிக் கத்தும். பார்த்திருப்பீர்கள்.

இங்கே முள்ளைவிட மூடிதான் பயன். கம்பத்தின் இருபுறமும் கம்பிக்கு உறை, இன்சுலேட்டர் தலைக்குத் தொப்பி. புதிதாகக் கட்டுவதானால் இரும்புச் சட்டத்துக்குப் பதில் கண்ணாடி இழைச் சட்டம், அல்லது உறையிட்ட கம்பி, அல்லது முறுக்கிய ஏ.பி. கேபிள் (உறையிட்ட கம்பிகளைச் சேர்த்து முறுக்கிக் கம்பத்தில் தொங்கவிடுவது). நகரத்தின் உள்பகுதியில் பெரும்பாலும் தரைக்கடி கேபிள் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. புறநகரில்தான் இன்னும் திறந்த கம்பி. பறவை பறக்கும்போது கம்பியில் மோதுவது தனிக்கதை. அதற்குக் கம்பியில் தொங்கும் சுழல் அடையாளங்கள் உண்டு. இன்சுலேட்டர் ஃபால்ட்டோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

வேலை செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சங்கத்தில் யாராவது இதைத்தான் முதலில் சொல்வார்கள். பிளாஸ்டிக் ஆந்தை: காக்காய் ஒரு வாரத்தில் அதன் தலைமேல் உட்காரும். அல்ட்ராசோனிக் கருவி: அந்த அதிர்வெண் பறவையின் காதில் விழாது. பளபளக்கும் நாடா, பழைய சிடி: பழகிவிடும், அதோடு அறுந்து லைனில் விழுந்தால் நாடாவின் உலோகப் பூச்சே ஒரு ஃபால்ட். பட்டாசு, கல், உண்டிவில்: பறவை கலைந்து மொத்தமாக எழும்பும் நேரத்தில்தான் எச்சமிடும், இறக்கை கம்பியில் படும். விரட்டினால் ஃபால்ட் கூடும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், எத்தனை நிமிடத்தில் வந்தது, பனியா தூறலா, சத்தம் கேட்டதா, உங்கள் தெரு மட்டுமா மொத்த ஏரியாவுமா. இதைப் பத்து நாள் எழுதினால் எந்த வகை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பனியில்லாத நாளிலும் ராத்திரி பத்துக்கும் விடிகாலைக்கும் போய், மொத்த ஏரியாவும் இருண்டு, உடனே திரும்பி வருகிறது என்றால் டவர் லைனில் எச்சக்கயிறு. பனி அல்லது தூறல் உள்ள நாளில் மட்டும் என்றால் அழுக்குப் படலம். பகலில், கோடையில், டமார் சத்தத்தோடு உங்கள் தெரு மட்டும் போய், லைன்மேன் வந்து ஃபியூஸ் போட்டால்தான் வருகிறது என்றால் கூடு அல்லது காக்காய். நீங்கள் சொன்னதை வைத்து நான் முதல் வகைக்குத்தான் பந்தயம் கட்டுவேன். பக்கத்து டவர்களைக் காலையில் நடைப்பயிற்சி போகும்போது தூர நின்று பாருங்கள். எந்த டவரின் எந்தக் கை நுனி வெள்ளையாக இருக்கிறது என்று பார்த்து, டவரில் அடித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு படம் எடுங்கள்.

அந்த நோட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்யுங்கள். "அடிக்கடி கரண்ட் போகுது" என்ற புகாரும், "இந்த டவர், இந்தக் கை, விடிகாலை ஐந்து முதல் ஆறுக்குள், இந்த ஆறு தேதிகளில்" என்ற புகாரும் ஒன்றல்ல. இரண்டாவதை வாங்கிய பொறியாளருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. முந்நூறு டவரில் முள் வைக்க யாரிடமும் பணம் இல்லை. மூன்று டவரில் வைக்க இருக்கும். பறவை ஃபால்ட் எப்போதும் ஒரு சில டவரில்தான் குவியும். தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது, தனியாக உயர்ந்து நிற்பது, குப்பைமேட்டைப் பார்த்து நிற்பது.

உங்கள் குடியிருப்புக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று. டிரான்ஸ்ஃபார்மர் அடியில் கோழிக்கழிவும் சாப்பாட்டுக் குப்பையும் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கும் தினப்படிக்கும் காக்காய்க்குச் சோறு வைக்கும் வீடுகள் நிறைய இருக்கும். வைக்கட்டும், நல்ல பழக்கம். கம்பி போகும் பக்கத்து மதிலில் வைக்காமல் மொட்டைமாடியின் எதிர்க்கோடியில் வைக்கச் சொல்லுங்கள். கட்டிட வேலை நடக்கிறது என்றால் சாயங்காலம் கட்டுக்கம்பித் துண்டுகளைப் பெருக்கி மூட்டை கட்டச் சொல்லுங்கள்.

கூட்டை நாங்களே துறட்டியால் தள்ளிவிடலாமா என்று யாராவது கேட்டால், கூடவே கூடாது. அலுமினியத் துறட்டி, ஈரக் கழி இரண்டும் ஆளைக் கொல்லும். காய்ந்த மூங்கில் என்று நம்பியும் போகாதீர்கள். கூட்டில் இருக்கும் கட்டுக்கம்பி சரிந்து கழியோடு சேர்ந்து உங்கள் பக்கம் வரும். கம்பியில் மாட்டிக்கொண்டு துடிக்கும் பறவையைக் காப்பாற்றப் போவதும் அப்படித்தான். மனசு கேட்காது, ஆனாலும் நில்லுங்கள். போன் பண்ணி, சப்ளையை நிறுத்தச் சொல்லி, லைன்மேன் எர்த் போட்ட பிறகு அவர்தான் தொட வேண்டும். அதுவரை கம்பத்தடிக்குப் பிள்ளைகள் யாரும் போகாமல் ஒருவர் அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளட்டும்.